கலைந்த வாக்கியங்களின் முடிச்சு

என் அக்காள் மகன் வங்கி அதிகாரிப் பரீட்சைக்குப் படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் கூடத்துத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வரிசை கலைத்துக் கொடுக்கப்பட்ட ஐந்து ஆங்கில வாக்கியங்களை ஒழுங்குபடுத்தும் வினா ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததை, பத்திரிகையை மடியில் போட்டுக்கொண்டு நான் கவனித்தேன். முதலாவதைப் படிப்பான், ஐந்தாவதுக்குத் தாவுவான், திரும்ப முதலாவதுக்கே வருவான், பென்சில் நுனியால் நெற்றியைத் தட்டிக்கொள்வான். "எதில் ஆரம்பிக்கிறது என்று மட்டும் தெரிந்துவிட்டால் போதும், மாமா; மிச்சமெல்லாம் தானாக வந்துவிடும்" என்றான். நான்கு நிமிஷம் கழிந்தும் ஆரம்பம் அகப்படவில்லை, மிச்சமும் வரவில்லை. பிள்ளைக்கு ஆங்கில ஞானம் போதாது என்றுதான் அப்போது நினைத்தேன். தேட வேண்டிய பொருளை விட்டு வேறொன்றை அவன் தேடிக்கொண்டிருந்தான் என்பது, அவனோடு நானும் தரையில் உட்கார்ந்த அடுத்த ஒரு மாத காலத்தில்தான் எனக்கு விளங்கிற்று.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் 'பாரா ஜம்பிள்' என்று சொல்லும் இவ்வகை வினா, எஸ்.எஸ்.சி. பரீட்சைகளிலும், வங்கிப் பரீட்சைகளிலும், ஐ.ஐ.எம். கல்விநிலையங்களுக்கான கேட் பரீட்சையிலும் இடம்பெறுவது. எஸ்.எஸ்.சி. பட்டதாரிப் பரீட்சையின் முதற்கட்டத்தில் 60 நிமிஷத்துக்கு 100 வினாக்கள். சமமாகப் பங்கிட்டால் வினா ஒன்றுக்கு 36 விநாடி. சரியான விடைக்கு 2 மதிப்பெண் வரும். தவறான விடைக்கு அரை மதிப்பெண் போகும். கேட் பரீட்சையிலோ, 2015-ஆம் ஆண்டு முதல், தெரிவு விடைகள் ஏதும் தராமல் விடையை நாமே தட்டச்சு செய்யும்படியான வினாக்களும் புகுந்துவிட்டன; அவற்றில் தவறுக்குக் கழிவு இல்லை என்ற தாட்சண்யம் உண்டாயினும், நான்கு விடைகளைக் கண்ணால் பார்த்து மூன்றைத் தள்ளிவிடும் உபாயம் அங்கே பலிப்பதில்லை.

இந்த வினா ஏன் கடினமாக இருக்கிறது என்பதற்குக் கணித சாஸ்திரம் ஒரு காரணமும் மனோதத்துவ சாஸ்திரம் ஒரு காரணமும் சொல்கின்றன. ஐந்து வாக்கியங்களுள் எதை வேண்டுமானாலும் முதலில் வைக்கலாம். எஞ்சிய நான்கில் எதையும் இரண்டாவதாக வைக்கலாம். இப்படியே பெருக்கிக்கொண்டு போனால் 120 வரிசைகள் கிடைக்கின்றன. வாக்கியம் ஆறானால் 720. இத்தனையையும் ஒவ்வொன்றாக எடைபோட எந்த மூளைக்கும் அவகாசமில்லை. இனி, ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருக்கும்போதே மனம் தன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் விஷயங்களின் அளவோ மிகவும் சொற்பம். அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அதை ஏழு என்றும், இரண்டு கூடலாம் அல்லது குறையலாம் என்றும் மதிப்பிட்டார். நெல்சன் கோவன் 2001-இல் அதை ஏறக்குறைய நான்காகக் குறைத்தார். மில்லர் எண்ணியது எழுத்துகளையோ சொற்களையோ அன்று. மனம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி வைத்துக்கொள்ளும் பொட்டலங்களையே. ஒரு பொட்டலத்துக்குள் எவ்வளவு அடங்கும் என்பது கட்டுகிறவனுடைய சாமர்த்தியத்தைப் பொறுத்தது. ஆகவே, ஐந்து நீண்ட வாக்கியங்களை உதிரியாக மனத்தில் நிறுத்திக்கொண்டு அவற்றை இடம் மாற்றி மாற்றிப் பார்க்க முயல்கிறவன், கொள்ளளவுக்கு மேல் நீர் வார்த்த குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறவன் போல, ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் சிந்திக்கொண்டேதான் போவான்.

சிந்தாமல் இருப்பதற்கு ஒரு வழி உண்டு. இன்ன வாக்கியத்துக்கு அடுத்தது இன்னதுதான் என்று ஒரே ஒரு ஜோடியை நிச்சயப்படுத்திவிட்டோமானால், அவ்விரண்டும் ஒன்றாகிவிட, 120 வரிசைகள் 24 ஆகிவிடும். இன்னொரு முடிச்சு விழுந்தால் 24 என்பது 6 ஆகும். மூன்றாவது முடிச்சில் 6 என்பது 2 ஆகும். ஆரம்ப வாக்கியத்தைக் கண்டுபிடித்தாலும் 120 என்பது 24-ஆகத்தான் குறைகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அதாவது, நடுவிலோ கடைசியிலோ எங்கேயோ விழும் ஒரு முடிச்சுக்கு இருக்கும் பெறுமதிதான் ஆரம்பத்துக்கும் இருக்கிறது; ஆனால் ஆரம்பத்தைப் பெரும்பாலும் ஊகிக்க வேண்டியிருக்கிறது, முடிச்சோ சான்றுகளோடு கண்முன்னே கிடக்கிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வினாத்தாளில் காணும் ஆங்கிலப் பத்தி ஒன்றின் சாயலில் நானே அமைத்தது இது. பி: "மூன்றாம் வயதில் தந்தையின் பட்டறையில் நேர்ந்த விபத்தொன்றே அவர் பார்வையிழக்கக் காரணமாயிற்று." க்யூ: "லூயி பிரெயில் 1809-இல் பிரான்சு தேசத்தில் தோல் வேலை செய்யும் ஒருவரின் மகனாகப் பிறந்தார்." ஆர்: "அந்த முறையில் ஓர் எழுத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை இருந்தமையால், ஒரு விரல்நுனிக்கு அது அடங்கவில்லை." எஸ்: "பாரிஸ் நகரத்துப் பள்ளியில் அச்சிறுவருக்கு, புடைத்த புள்ளிகளால் எழுதும் ஒரு முறை அறிமுகமாயிற்று." டி: "இக்குறையை நீக்கவே அவர் புள்ளிகளை ஆறாகச் சுருக்கினார்."

ஆரம்பம் எது என்ற கவலையை ஒதுக்கிவிட்டு முடிச்சுகளைப் பார்ப்போம். 'அந்த முறை' என்று ஆர் சொல்வதற்கு, 'ஒரு முறை' என்று வேறெங்கோ முன்னமே சொல்லப்பட்டிருக்க வேண்டும். எஸ்ஸில் அது இருக்கிறது. 'இக்குறை' என்று டி சொல்கிறது. குறை கூறப்பட்ட வாக்கியம் ஆர் ஒன்றுதான். ஆகவே எஸ், ஆர், டி மூன்றும் ஒரே சங்கிலி. 'அவர்' என்று பி யாரைச் சொல்கிறது? முழுப்பெயரோடு ஒருவரை அறிமுகம் செய்யும் க்யூவை அடுத்து அது வந்தால்தான் தெளிவு. மூன்று முடிச்சுகள் விழுந்துவிட்டன. எஞ்சியிருப்பவை இரண்டு பொட்டலங்கள். அவற்றுள் எது முன், எது பின் என்பதைப் பிறப்பும் பள்ளியும் வரும் இயற்கை முறையே சொல்லிவிடுகிறது. ஆரம்ப வாக்கியத்தை நாம் தேடவே இல்லை. அது தானாகவே வந்து முன்னால் நின்றுகொண்டது.

இந்த முடிச்சுகளின் இயல்பை மொழியியலார் நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1926-இல் பிராகா நகரத்தில் மொழியியல் வட்டம் ஒன்றை ஏற்படுத்திய விலேம் மத்தேசியஸ், வாக்கியம் என்பது கேட்பவனுக்கு ஏற்கெனவே தெரிந்த ஓரிடத்தில் காலை ஊன்றிக்கொண்டு, தெரியாத ஒன்றை நோக்கி நகர்வது என்ற கருத்தை வளர்த்தார். சூசன் ஹாவிலண்ட், ஹெர்பர்ட் கிளார்க் என்ற இருவர் 1974-இல் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். 'பீர் சூடாக இருந்தது' என்னும் வாக்கியத்தை, காரின் பின்பெட்டியிலிருந்து பீரை எடுத்தார்கள் என்ற வாக்கியத்துக்கு அடுத்துச் சிலருக்குக் காட்டினார்கள். உல்லாசப் பயணத்துக்குக் கொண்டுபோன சாமான்களைச் சரிபார்த்தார்கள் என்ற வாக்கியத்துக்கு அடுத்தும் காட்டினார்கள். பின்னதில் அந்தச் சாமான்களுள் பீரும் இருந்திருக்க வேண்டும் என்று வாசகனே ஒரு பாலம் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது; அந்தப் பாலம் கட்டும் வேலைக்கு ஒரு விநாடியின் சிறு பகுதி கூடுதலாகச் செலவாயிற்று என்பதைக் கடிகாரம் காட்டிக்கொடுத்தது. தவறான வரிசையில் ஒரு பத்தியைப் படிக்கும்போது 'என்னவோ இடறுகிறதே' என்று நமக்குத் தோன்றுகிறதே, அந்த இடறலில் பெரும்பங்கு இதுதான். அதைக் காதால் கேட்கப் பழகுவதே இந்த வினாவுக்கான சாதகத்தில் பாதி. மீதிப் பாதி, இடறியது எந்தச் சொல்லில் என்று விரல் வைத்துக் காட்டப் பழகுவது.

சுட்டுச்சொல் போடும் முடிச்சைக் கண்டுகொள்ளத் தமிழ் மாணவன் எவரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தில், ஒருவனுடைய இயற்பெயரும் அவனைச் சுட்டும் பெயரும் தனித்தனியே வினைகொண்டு சேர்ந்து வரும்போது, இயற்பெயரை முன்னும் சுட்டுப்பெயரைப் பின்னும் சொல்ல வேண்டும் என்ற விதி இருக்கிறது. 'முருகன் வந்தான், அவனுக்கு நீர் கொடு' என்றுதான் சொல்வோமே தவிர, அவனை முதலிலும் முருகனைப் பிறகும் சொல்லமாட்டோம். க்யூவையும் பியையும் நாம் முடிந்த முறை இதுவேயல்லவா? செய்யுளில் மட்டும் சுட்டு முன்னே வரலாம் என்று அந்நூலே விலக்கும் தருகிறது. ஆங்கிலக் கதாசிரியர்களும் வாசகனை வலிந்து உள்ளே இழுப்பதற்காக, யாரென்று சொல்லாமலே 'அவன்' என்று கதையை ஆரம்பிப்பதுண்டு. ஆதலால், சுட்டுச்சொல்லில் தொடங்கும் வாக்கியம் முதலில் வரவே வராது என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவுகட்டுவதும் ஆபத்து.

நம் பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'எ' என்றும் 'தி' என்றும் பெயருக்கு முன்னே வரும் இரண்டு சிறு சொற்களுக்கு நேரான உருபு தமிழில் இல்லாமையால், கண் அவற்றைத் தூசியென்று தள்ளிவிட்டுப் பெயருக்குத் தாவிவிடுகிறது. உண்மையில், 'எ' என்பது புது ஆளை வாசலில் நிறுத்தி அறிமுகம் செய்வது. 'தி' என்பது பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்ட ஆளைக் காட்டுவது. 'ஆயினும்' என்ற பொருளுடைய 'ஹவ்எவர்' என்றோ 'ஆகவே' என்ற பொருளுடைய 'தேர்ஃபோர்' என்றோ தொடங்கும் வாக்கியத்தை எல்லோரும் கண்டுகொள்கிறார்கள். ஏனெனில் அவை சத்தமிட்டுப் பேசும் சொற்கள். சத்தமில்லாத 'தி'யும் 'திஸ்'ஸும்தான் நம்பகமான சாட்சிகள்.

பயிற்சி எவ்வாறு செய்வது? இதற்கு மூன்று நூற்றாண்டுக்கு முன்னேயே ஒரு சிறுவன் வழி கண்டுபிடித்தான். 1706-இல் பாஸ்டன் நகரத்தில் பிறந்து, பன்னிரண்டாம் வயதில் தமையனுடைய அச்சுக்கூடத்தில் வேலைபழகச் சேர்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின்தான் அவன். மகனுடைய எழுத்தில் நடையழகும் ஒழுங்கும் தெளிவும் போதவில்லை என்று தந்தை சுட்டிக்காட்டியதை மனத்தில் வாங்கிக்கொண்ட அவன், இங்கிலாந்தில் அடிசனும் ஸ்டீலும் நடத்திய 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகைத் தொகுதிகளுள் தனியாகக் கிடைத்த ஒன்றை வாங்கினான். அதன் கட்டுரைகளிலுள்ள ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சுருக்கக் குறிப்பாக எழுதிக்கொண்டு, சில சமயங்களில் அக்குறிப்புகளை வேண்டுமென்றே கலைத்துப் போட்டுவிட்டு, சில வாரங்கள் கழிந்தபின் அவற்றைத் தக்க வரிசையில் அடுக்கிப் பார்த்து, கட்டுரையை எழுதி முடித்து, மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் பிழைகளைத் திருத்தினான். வேலை முடிந்த இரவுகளும், வேலை தொடங்குமுன்னுள்ள காலைப்பொழுதும், கோயிலுக்குப் போகாமல் மிச்சம்பிடித்த ஞாயிற்றுக்கிழமைகளும் அவனுக்கு இதற்கு உதவின என்று பிற்காலத்தில் எழுதிய சுயசரிதையில் அவரே ஒப்புக்கொள்கிறார்.

அந்தச் 'சில வாரங்கள்' என்பதில் நுட்பம் இருக்கிறது. கலைத்த உடனே அடுக்கினால் மூல வரிசையின் ஞாபகம் வேலை செய்யும். மறந்தபின் அடுக்கினால்தான் ஆராயும் புத்தி வேலை செய்யும். விடையைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிடப் பாராமல் முயல்வதே பயன் தரும் என்பதற்கு ஒரு சான்றும் உண்டு. ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்து நன்றாக ஒப்பித்தார்கள். ஒரு வாரம் கழித்தோ, பாராமல் நினைவுகூர்ந்து பழகியவர்கள் நூற்றுக்கு 56 பங்கு சொல்ல, திரும்பப் படித்தவர்கள் 42 பங்குதான் சொன்னார்கள். அது ஞாபகசக்தியைப் பற்றிய சோதனை. வாக்கிய வரிசைக்கு அதை அப்படியே பொருத்திவிடலாகாது. ஆயினும், விடைத்தாளைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு 'ஆமாம், இதுதான் எனக்கும் தோன்றிற்று' என்று தலையாட்டுகிறவனுக்கு அது ஓர் எச்சரிக்கை.

நாங்கள் பிராங்க்ளின் வழியையே கைக்கொண்டோம். ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கத்தில் ஒரு பத்தியை வாக்கியம் வாக்கியமாகக் கத்தரித்து, பழைய கல்யாணப் பத்திரிகை உறை ஒன்றில் போட்டு, மேலே தேதி எழுதி வைத்துவிடுவோம். மூன்று வாரம் கழித்துத்தான் அதைத் திறப்பது. முதல் நாள் மின்விசிறிக் காற்றில் துண்டுகள் பறந்து அலமாரிக்கடியில் போனதால், மறுநாள் முதல், துண்டுக்கு ஒரு புளியங்கொட்டையாகப் பாரம் வைத்தோம். விதி ஒன்றே ஒன்று: இரண்டு துண்டுகளை ஒட்டி வைக்கிறவன், எந்தச் சொல்லை நம்பி ஒட்டினான் என்பதைச் சொல்லிவிட்டே கையை எடுக்க வேண்டும். 'சும்மா தோன்றிற்று' என்பது செல்லாது. உறைகளைத் திறக்கத் தொடங்கிய முதல் வாரம் ஒரு பத்திக்குக் கால் மணி நேரம் போலப் பிடித்தது. கடிகாரத்தை நாங்கள் பார்க்கவே இல்லை. முடிச்சு கண்ணில் படப் பழகியபின் வேகம் கேளாமலே வந்தது.

சில பத்திகள் எந்தச் சாமர்த்தியத்துக்கும் மசியவில்லை. ஒரு நகரத்தின் சிறப்புகளை வரிசையாக அடுக்கிச் சொல்லும் பத்தியில், மண்டபம் முன் வந்தாலும் கடைத்தெரு முன் வந்தாலும் ஒன்றும் கெடுவதில்லை. நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களுள், அடிகளை எப்படி மாற்றினாலும் பொருள் மாறாத அடிமறிமாற்று என்பது ஒன்று. செய்யுளுக்கு அது ஓர் அழகு. வினாத்தாளில் அது வினா அமைத்தவரின் பிழை. அத்தகைய வினாவை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதே புத்திசாலித்தனம்.

இந்தக் கட்டுரையின் முதற்பிரதியை நான் முடித்த அன்று, பிள்ளை அதை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். மாலையில் வந்து பார்த்தால், பத்திகளெல்லாம் கத்தரிக்கப்பட்டுக் கூடத்துத் தரையில் புளியங்கொட்டைகளுக்கடியில் கிடந்தன. "தொல்காப்பியப் பத்தியையும் அதற்கு அடுத்த பத்தியையும் இடம் மாற்றி வைத்திருக்கிறேன், மாமா, படித்துப் பாருங்கள், ஒன்றும் இடறவில்லை" என்றான். படித்துப் பார்த்தேன், இடறத்தான் இல்லை. அங்கே ஒரு முடிச்சுப் போடலாமென்று பேனாவைத் திறந்தேன். பிறகு, அவன் கண்டுபிடித்ததற்கு அத்தாட்சியாக இருக்கட்டுமென்று அப்படியே விட்டுவிட்டேன்.