வீட்டுக்குள் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம்

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் குடியேறியுள்ள நம் மக்களுக்கு இன்று அரிசிக்கும் குடிநீருக்கும் அடுத்தபடியாகத் தேவைப்படுவது இணைய இணைப்பு. ஊரிலிருக்கும் தாயின் முகத்தைக் காண்பதும், பணம் அனுப்புவதும், பிள்ளைகள் பாடம் கேட்பதும் இதன் வழியேதான் நடைபெறுகின்றன. எனினும், மாதந்தோறும் தவறாது பணம் கட்டியும், "பேச்சு விட்டுவிட்டு வருகிறது, முகம் அசையாமல் நின்றுவிடுகிறது" என்ற குறை எழாத வீடு அரிது. இக்குறையின் காரணம் பெரும்பாலும் தெருவில் வரும் கம்பியில் இல்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பது நாம் பல வீடுகளைப் பார்த்துக் கண்ட முடிவு. அவற்றுள் ஒன்றைச் சொல்லுவோம்.

கொச்சியின் மேற்கே, தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகிலுள்ள ஒரு சந்தில், கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் குடியிருக்கிறது. குடும்பத் தலைவர் ஆழ்கடல் விசைப்படகில் தொழில் செய்பவர். படகு கடலுக்குச் சென்றுவிட்டால் பல நாட்களுக்குச் செய்தி இராது. திரும்பிக் கரையை நெருங்கி அலைபேசிக்கு அலை கிட்டியதும் முதல் அழைப்பு வீட்டுக்கு வரும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசிச் சென்றபின், அந்த அழைப்பு எத்தகையது என்பதைக் கடற்கரை மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவ்வீட்டின் உள்ளறையிலோ, கான்கிரீட் கூரையையும் சுவர்களையும் கடந்து அலைபேசி அலை நுழைவதில்லை. படகு வரும் நாளில் அந்த அம்மையார் மழையானாலும் வாசற்படியில் நின்றே காத்திருப்பார். இணைய இணைப்பு இருந்தது. அதுவும் முன்னறையைத் தாண்டவில்லை. இருமடங்கு கட்டணத்துக்கு மாறுவதா, அல்லது ஆறு கொம்புகள் முளைத்த புதிய ரௌட்டர் ஒன்றைப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்குவதா என்று அவர்கள் ஆலோசித்துக்கொண்டிருந்த வேளையில் நாம் அங்கே சென்றோம். இரண்டுமே வேண்டாம் என்று தடுத்தோம்.

ஏன் தடுத்தோம்? ரௌட்டர் என்னும் அப்பெட்டி வேறொன்றுமில்லை. ஒரு சிறு வானொலி நிலையமே. வானொலிப் பெட்டி வைத்திருக்கத் தபால் நிலையத்தில் லைசென்ஸ் எடுத்த காலம் மூத்த நேயர்களின் நினைவில் இருக்கும். 2005ஆம் ஆண்டில் நம் அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இன்றிப் பயன்படுத்த அனுமதித்தது. 2018இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியும் தாராளமாகத் திறந்துவிடப்பட்டது. அன்று கேட்பதற்கே அனுமதி வேண்டியிருந்தது. இன்று ஒலிபரப்புவதற்கே வேண்டியதில்லை! ஆனால் இவ்வுரிமை ஓர் எல்லைக்குட்பட்டது. பெட்டியின் வலிமைக்குச் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. கொம்புகளைப் பெருக்குவதால் அவ்வரம்பு உயர்ந்துவிடாது. மேலும், பெட்டி எவ்வளவு உரக்கப் பேசினாலும் கையிலுள்ள அலைபேசி மறுமொழி சொல்ல வேண்டுமல்லவா? அதன் குரல் மெலிந்தது. உரக்கக் கூவுபவனுக்கும் முணுமுணுப்பவனுக்கும் இடையே உரையாடல் எப்படி நடைபெறும்?

அலையின் நீளமும் கவனிக்கத்தக்கது. 100 மெகாஹெர்ட்சை ஒட்டிய பண்பலை ஒலிபரப்பின் அலை ஏறத்தாழ 3 மீட்டர் நீளமுடையது. வீட்டு ரௌட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை 12 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 5 கிகாஹெர்ட்ஸ் அலை 6 சென்டிமீட்டர் அளவே. குறுகிய அலை மிகுதியான செய்தியைச் சுமக்கும். ஆயினும் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். இரும்பு அதனைத் திருப்பியடிக்கிறது, தண்ணீர் உறிஞ்சிவிடுகிறது. ஆகவே பெட்டிக்கு அருகில் அமர்ந்து படம் பார்ப்பவர் 5ஐயும், சுவருக்கு அப்பால் இருப்பவர் 2.4ஐயும் தேர்ந்துகொள்வது நலம். 2.4இல் அண்டை வீட்டாரின் இரைச்சல் அதிகம். நுண்ணலை அடுப்பும் அதே அலையில்தான் இயங்குகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தோப்பும்படி வீட்டில் அப்பெட்டி எங்கே இருந்தது என்கிறீர்கள்? முன்னறை மூலையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்! இணைப்புக் கொடுக்க வந்தவர் சன்னல் வழியே இழையை நுழைத்து, கைக்கெட்டிய இடத்தில் வைத்துப் போய்விட்டார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. எங்கே வேண்டும் என்று எவரும் அவரிடம் சொல்லவில்லை. நாம் செய்தது இவ்வளவே: பத்து மீட்டர் கம்பி வாங்கி, கதவு நிலையை ஒட்டி நடுக்கூடம் வரை கொண்டுசென்று, வீட்டில் சும்மா கிடந்த பழைய ரௌட்டர் ஒன்றை அங்கே தலைக்குமேல் உயரத்தில் பொருத்தினோம். குடிக்கூலி வீடாகையால் ஆணி அடிக்கவில்லை. செலவு சில நூறு ரூபாய்.

கம்பி வாங்குவதில் ஓர் எச்சரிக்கை. அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய மலிவுக் கம்பி கடைகளில் நிறைய வருகிறது. முனையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும். முழுச் செம்புக் கம்பியையே கேட்டு வாங்குக. கொச்சியின் உப்புக் காற்றில் செருகியின் முனைகள் பச்சை பூத்துக் கெடுவதும் உண்டு. அவ்வப்போது கழற்றிப் பார்க்க வேண்டும். சுவரில் செருகும் 'ரிப்பீட்டர்' என்ற சிறு கருவியைக் கடைக்காரர் பரிந்துரைப்பார். மலிவான வகை ஒரே அலையில் கேட்டு, அதே அலையில் திருப்பிச் சொல்லுவது. கேட்பதற்குப் பாதி நேரம், சொல்லுவதற்குப் பாதி நேரம் போக, வேகம் பாதியாகிவிடும். கம்பி இழுக்கவே இயலாத வீட்டில் மட்டும் அதனை நாடலாம்.

வேகத்தைப் பற்றியும் மயக்கம் மிகுதி. முகம் பார்த்துப் பேச நொடிக்கு 2, 3 மெகாபிட் போதும். தெளிவான திரைப்படத்துக்கு 5 வரை. நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 40 மெகாபிட் தாராளம். விளம்பரத்தில் வருவது மெகாபிட், கோப்பின் அளவோ மெகாபைட். முன்னதை எட்டால் வகுத்தால் பின்னது கிடைக்கும்.

கேரள அரசின் கே-ஃபோன் இழைவலை 2023 ஜூனில் தொடங்கப்பட்டது. கொச்சியிலிருந்து இலட்சத்தீவுகளுக்குச் செல்லும் கடலடிக் கம்பி 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. கடலைக் கடந்து தீவுக்குச் செல்லும் செய்தி, முன்னறையிலிருந்து அடுக்களைக்குச் செல்ல இடறுகிறது என்றால் விந்தைதானே!

அந்த அம்மையாரின் அலைபேசியில் 'வைஃபை காலிங்' என்னும் வசதியையும் இயக்கி வைத்தோம். நம் நாட்டில் 2019 இறுதியிலிருந்து பரவிய வசதி இது. கோபுரத்தின் அலை எட்டாத அறையிலும் சாதாரண அழைப்பு வீட்டு இணையத்தின் வழியே வந்து சேரும். அடுத்த முறை படகு திரும்பியபோது அவர் அடுப்படியில் நின்றே பேசினார்.

மின்வெட்டு நேர்ந்தால் பெட்டி அணைந்துவிடும். 12 வோல்ட் சிறு மின்கலப் பெட்டி ஒன்றை இணைத்தால் சில மணி நேரம் தாங்கும்; கூடுதல் ரௌட்டருக்கு மின்சாரம் தேவை என்பதால் அதற்கும் ஒன்று வேண்டும். விலை உயர்ந்த கருவிகளைவிட இதனையே முதலில் வாங்கச் சொல்லுவோம். துலாவர்ஷ இடியின்போது மட்டும் மின்செருகியைக் கழற்றிவிடுவது நல்லது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. சுவரிலுள்ள மின்கம்பி கடத்தும்.

இறுதியாகக் கடவுச்சொல். 2016 அக்டோபரில் 'மிராய்' என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றி, அமெரிக்காவின் பல பெரிய தளங்களைப் பல மணி நேரம் முடக்கியது. பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் சொல்லை அன்றே மாற்றிவிடுக. புதிய சொல்லை ஒரு தாளில் எழுதி பீரோக் கதவின் உட்புறம் ஒட்டி வைக்கலாம். அந்த வீட்டிலும் அப்படித்தான் செய்தோம். விருந்தினருக்கென்று தனிப்பெயரில் ஓர் இணைப்பும் பெட்டியிலேயே உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து கேட்டால் அதனைக் கொடுக்கலாம்.