தறியில் எழுந்த ஸ்தாபனம்

கொழும்பின் கொள்ளுப்பிட்டியில், காலி வீதியின் ஓயாத இரைச்சலுக்கு மத்தியில், பருத்தித் துணிகளின் பிரகாசமான வர்ணங்களால் வழிப்போக்கரையும் நின்று நோக்கச் செய்யும் 'பேர்ஃபூட்' நிலையத்தின் ஆதியை நாடிச் செல்வோமாயின், அது 1960களில் நல்லாயன் சபைக் கன்னியாஸ்திரீகள் ஏழைப் பெண்களின் ஜீவனோபாயத்தைக் கருதி நடத்திய நெசவுச்சாலைகளில் நம்மைக் கொண்டு சேர்க்கும். அங்கே நெய்யப்படும் துணிக்கு வர்ணமும் வடிவமும் வகுத்துத் தருமாறு கன்னியர் அழைத்தவர், நம் நாட்டின் புராதனக் கட்டடங்களைக் கோட்டுச் சித்திரங்களாகத் தீட்டிவைத்த பார்பரா சன்சோனி. 1928ஆம் ஆண்டு பிறந்த அவ்வம்மையார், 1964இல் அம்முயற்சியை வர்த்தக ஸ்தாபனமாக வளர்த்தெடுத்தார். கையால் சாயமேற்றிய நூலைக் கைத்தறியில் நெய்வோர் பெரும்பாலும் கிராமத்துப் பெண்களே. பிறர் இரக்கத்தால் வாங்கும் பண்டமாயிருந்திருக்கக்கூடிய அத்துணியை, அழகுக்காகவே விரும்பி வாங்கும் பண்டமாக உயர்த்தியதுதான் அவர் ஈட்டிய பெருவெற்றி என்பது எமது அபிப்பிராயம். தானம் ஒருநாள் நின்றுவிடலாம், நல்ல சரக்குக்கோ கிராக்கி குன்றுவதில்லை. அம்மையார் 2022இல் காலமானார். கைத்தறித் துணி வாங்கும் நேயர்கள், விலையைக் குறைக்கக் கேட்குமுன், அதை நெய்த பெண்ணின் உழைப்பையும் கணக்கிற் கொள்வார்களாக.