முறுக்கு எங்கே போகும்?

வெள்ளிமலைப் பக்கம் ஒரு திண்ணையில் கற்றாழை நாரில் மாட்டுக் கயிறு திரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், இரண்டே புரி போட்ட ஒரு முழக் கயிற்றைக் கேட்டு வாங்கினேன். ஒரு முனையை அவர் இறுகப் பிடித்துக்கொள்ள, மறுமுனையில் இரு புரிகளையும் எதிரெதிர்ப் பக்கமாக இழுத்தேன். நாலு விரற்கடை பிரிந்தது, அதற்குமேல் நகரவில்லை. முறுக்கெல்லாம் முன்னால் போய்ச் சேர்ந்து, கயிறு சுருண்டு நின்றது. “நான் முனைய விட்டாத்தான் பிரியும் தம்பி” என்றார்.

டி.என்.ஏ.வும் இரட்டைப்புரிதான். இரு இழைகளையும் ஏணிப்படிபோலப் பிணைக்கும் படிகளில் பத்துப் பதினொன்றுக்கு ஒரு சுற்று. மனிதச் செல் ஒன்றில் சுமார் 600 கோடிப் படிகள். அப்படியென்றால் 50 கோடிக்கும் மேல் முறுக்குகள். செல் இரண்டாகும் முன் அத்தனையும் பிரிந்தாக வேண்டும்.

சோதனைக்குழாயில் இது எளிது. கொதிநிலையை நெருங்கும் சூட்டில் படிகளின் பிணைப்பு விட்டு இழைகள் பிரிகின்றன. மெல்ல ஆறவிட்டால், தத்தம் ஜோடியைத் தேடிப் பிடித்து மறுபடி சேர்ந்துகொள்கின்றன. ஹார்வர்டில் பால் டோட்டியும் ஜூலியஸ் மர்மரும் 1960-இல் இதைக் காட்டினார்கள். துண்டு இழைகளுக்கு முனைகள் தாராளமாகச் சுழலும். செல்லுக்குள் அடைபட்ட நீள இழைக்கு அந்த வசதி ஏது?

இந்தக் கேள்வி வி. சசிசேகரனையும் விடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனோடு புரத வடிவங்களை ஆராய்ந்தவர் அவர். 1976-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், இழைகள் கொஞ்சம் வலமாகவும் கொஞ்சம் இடமாகவும் முறுகிப் பக்கம் பக்கமாகவே கிடக்கலாம் என்று மாற்று வடிவம் ஒன்றை முன்வைத்தார். அப்படியானால் சிக்கலே இல்லை. ஆனால் இழைகள் ஒன்றையொன்று நிஜமாகவே சுற்றியிருக்கின்றன என்று சோதனைகள் காட்டின. 1979-இல், இரட்டைச் சுருளைக் கண்டவர்களில் ஒருவரான கிரிக்கும், ஜேம்ஸ் வாங்கும் பாயரும் அதை உறுதிப்படுத்தி எழுதினார்கள். விடை பொய்த்தாலும், எல்லோரும் ஒப்புக்கொண்ட சுருளையே கேள்வி கேட்ட அந்தத் துணிவு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

செல்லின் வழியை 1971-லேயே வாங் கண்டிருந்தார். டோபோஐசோமெரேஸ் என்ற நொதி, முறுக்கேறிய இடத்தில் இழையை அறுக்கிறது. முறுக்கு தளர்ந்ததும் அறுத்த வாயை ஒட்டிவிடுகிறது. சிலவகை நொதிகள் இரண்டு இழைகளையும் அறுத்து, அந்த இடைவெளி வழியே கயிற்றின் இன்னொரு பகுதியைக் கடத்திவிட்டு ஒட்டும்.

மலையடிவார மருந்துக்கடைகளிலும் கிடைக்கும் சிப்ரோஃப்ளாக்சாசின் மாத்திரை, பாக்டீரியாவில் உள்ள, இரண்டு இழைகளையும் அறுக்கும் இந்த வகை நொதிகளைத்தான் குறிவைக்கிறது. அறுக்க விடும், ஒட்ட விடாது.