சாமந்தி பூக்கவில்லையா? வாசல் விளக்கைப் பாருங்கள்

கம்பைநல்லூரில் ஒரு வீட்டுத் தோட்டம். ஆனியில் நட்ட மஞ்சள் சாமந்தி. ஐப்பசியில் கிணற்றடிச் செடிகள் பூத்துக் குலுங்கின. வாசல் பக்கத்துச் செடிகளோ இடுப்பளவு வளர்ந்தும் மொட்டுகூட விடவில்லை. நாற்று மோசம் என்று பிடுங்கிப்போட இருந்தார் வீட்டுக்கார அம்மா. நாற்றெல்லாம் ஒரே தாய்ச்செடியில் எடுத்தவைதான். காரணம், விடிய விடிய எரிந்த வாசல் எல்.இ.டி. விளக்கு.

சாமந்தி, பகல் குறைந்தால் பூக்கும் பயிர். நம் பகுதியில் ஆனியில் பகல் ஏறத்தாழ 13 மணி நேரம், மார்கழியில் பதினொன்றரை. இரவு நீள்வதை இலைகள் உணர்ந்துதான் செடி மொட்டு வைக்கிறது. நள்ளிரவில் சில மணி நேரம் வெளிச்சம் பட்டாலே, பகல் நீளம் என்று எண்ணி இலையாகவே தழைக்கும். பூப்பைத் தள்ளிப்போட்டு நல்ல விலை பார்க்க, பூ விவசாயிகள் வயலில் பல்பு கட்டுவது இதனால்தான்.

அந்த வீட்டில் ஐப்பசியிலேயே விளக்கை அணைத்தார்கள். பொங்கல் வாக்கில் பூ வந்தது. தெருவிளக்கை நாம் அணைக்க முடியாதே! அந்த இடத்தில் ரோஜா வையுங்கள்; அதற்குப் பகல் நீளம் பொருட்டல்ல.

நட்ட நான்காம் வாரம் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை பெருகும். மொட்டு வைக்கும் சமயத்தில் கிள்ளினால் பூ போய்விடும்.

செடியைக் கருக்கும் உறைபனி இங்கே இல்லை. ஆனால் மார்கழிப் பனி ஈரத்தில் இலைப்புள்ளி நோய் வரும். காலையில், வேரடியில் மட்டும் தண்ணீர் விடுங்கள். புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி அகற்றுங்கள். மிஞ்சினால் பறிக்கும் பூவைப் பறித்துவிட்டு, லிட்டருக்கு 2 கிராம் மாங்கோசெப் கலந்து தெளிக்கலாம்.