பத்துப் பொருத்தத்தில் ஒன்று
(பகுதி 7)

ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் இன்றைக்கும் பல வீடுகளில் கல்யாணப் பேச்சு ஜாதகத்தில்தான் தொடங்குகிறது. பத்துப் பொருத்தத்தில் யோனிப் பொருத்தமும் ஒன்று. தாம்பத்திய உறவு எப்படி அமையும் என்று பார்ப்பதற்காகவே அதை வைத்தார்கள். மணவாழ்வுக்கு அது முக்கியம் என்று கூச்சமின்றி ஒப்புக்கொண்ட முன்னோரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு விலங்கு. அசுவினிக்கும் சதயத்துக்கும் குதிரை, அஸ்தத்துக்கும் சுவாதிக்கும் எருமை. குதிரைக்கும் எருமைக்கும் பகை. சந்திரன் ஒரு நட்சத்திரத்தில் நிற்பது ஏறத்தாழ ஒரு நாள். அப்படியானால் அன்றைக்கு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்த அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே குணம்தான். ஆசை, கூச்சம், பயம், உடல்நலம் எதற்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. அதைவிடக் கெடுதல், பொருத்தம் தாலி கட்டுமுன்பே முடிந்துபோன காரியம் என்ற நினைப்பு. தாலிக்குப் பிறகு இருவரும் சேர்ந்து உண்டாக்குவதுதான் பொருத்தம் என்பது என் வாதம்.

கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் ஜெசிக்கா மேக்ஸ்வெல் முன்னின்று, சுமார் 1,900 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. தாம்பத்திய சுகம் முயற்சியால் வளரும் என்று நம்பியவர்கள் கூடுதல் நிறைவோடு இருந்தார்கள். சரியான ஜோடி கிடைத்தால் தானாக அமையும் என்று நம்பியவர்களுக்கோ, படுக்கையில் பிணக்கு வந்தால் மொத்த உறவின்மேலேயே பிடிப்பு தளர்ந்தது. வெள்ளைக்காரர் ஊர் ஆய்வு நமக்கெதற்கு என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் ஜோடியை முன்கூட்டியே அளந்து வைத்தாயிற்று என்ற நம்பிக்கை அவர்களைவிட நம்மிடம்தானே ஆழமாக வேரோடியிருக்கிறது?

‘பாட்டி காலத்தில் யார் இதையெல்லாம் பேசினார்கள்? பத்துப் பிள்ளை பெற்று நன்றாக வாழவில்லையா?’ என்பது அடிக்கடி வரும் மறுப்பு. அந்தக் கால ரப்பர்த் தோட்ட வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். வெயில் ஏறுமுன்தான் பால் நன்றாக வடியும் என்பதால் விடியாத இருட்டிலேயே பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போக வேண்டும். மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுவை முடிந்து வீடு வந்தால் அடுப்பு காத்திருக்கும். லயத்து வீட்டில் ஓர் அறை, மிஞ்சினால் இரண்டு. மாமியார், கொழுந்தன், பிள்ளைகள் எல்லாரும் அதற்குள்தான். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். சத்தமில்லாமல், சீக்கிரமாக முடிய வேண்டிய ஒன்றாகத்தான் தாம்பத்தியம் இருக்க முடிந்தது. அவளுக்கு விருப்பமா என்று கேட்க நேரமும் இல்லை, இடமும் இல்லை. பிள்ளை பிறந்தது அவள் மகிழ்ந்தாள் என்பதற்குச் சாட்சியாகாது. பிரியாமல் இருந்ததும் ஆகாது. வீடு தோட்டத்து வீடு, வேலையை விட்டால் கூரையும் போய்விடும். இன்று பல தோட்டங்கள் செம்பனையாகவும் தாமான்களாகவும் மாறிவிட்டன. அறைக்குக் கதவு வந்துவிட்டது. பேச்சு இன்னும் வரவில்லை.

இந்த மௌனம் நோயையும் மறைக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர்; இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. அது நரம்பையும் ரத்தக் குழாயையும் கெடுப்பதால் ஆணுக்கு விறைப்பு குறையலாம். பெண்ணுக்கு வறட்சியும் தொற்றும் வந்து உறவே வலியாகலாம். ‘வயதாகிவிட்டது’ என்று அவர் திரும்பிப் படுக்கிறார். ‘என்மேல் ஆசை விட்டுப்போயிற்று’ என்று அவள் உள்ளுக்குள் புழுங்குகிறாள். ரத்தப் பரிசோதனையில் பிடிபடக்கூடிய நோய்க்கு மனப்பொருத்தம் இல்லை என்று பெயர் வைத்துவிடுகிறோம். பேசுவது வெட்கக்கேடு என்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்: ஆணுறுப்பின் ரத்தக் குழாய் இதயக் குழாயைவிடக் குறுகலானது. அடைப்பு பல சமயம் அங்கேதான் முதலில் தெரியும், நெஞ்சுவலிக்குச் சில ஆண்டுகள் முன்பாகவே. அரசு கிளினிக்கில் சர்க்கரை அளவு பார்க்கும்போது இதையும் சொன்னால் மருத்துவர் இதயத்தையும் சோதித்துப் பார்க்க வழி உண்டு. திருட்டுத்தனமாக விறைப்பு மாத்திரை வாங்கி விழுங்கினால் அந்தச் சோதனை நடக்காது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவருக்கு அந்த மாத்திரை உயிருக்கே ஆபத்து. கணவர் வாய் திறக்கத் தயங்கினால், அடுத்த முறை மனைவியும் கூடவே உள்ளே போய் உட்காரலாம்.

(தொடரும்)