கையை உதறினால் என்ன?

கல்யாண மண்டபம். கெட்டிமேளம் முழங்குகிறது. முன்வரிசையில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுகிறான். பிறகு கைகளைப் படபடவென்று உதறுகிறான். பக்கத்திலிருந்து ஒரு மாமியின் குரல்: "ஏண்டியம்மா, பிள்ளையைக் கொஞ்சம் கண்டிச்சு வளர்க்கப்படாதோ?" தாய் தலை நிமிராமல் அவன் கையைப் பிடித்து அழுத்துகிறாள்.

இந்தக் காட்சியைப் பார்த்திராதவர் நம்மில் யார்?

அந்தப் பையனுக்கு ஆட்டிசம். அது வளர்ப்பின் குறையல்ல. மூளை வளரும் விதத்திலேயே அமைந்த வேற்றுமை. ஆனால் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது மாமி மட்டுமல்ல, டாக்டர்களும்தான்! 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் இந்நிலையை விவரித்து எழுதினார். அதன் பிறகு, "அன்பில்லாத தாய்தான் காரணம்" என்ற எண்ணம் பல ஆண்டுகள் பரவியிருந்தது. 1977-ல் இங்கிலாந்தில் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவில் பிரிந்த 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டென்று தெளிவாயிற்று. ஆகவே தாய்மார்களே, முதலில் உங்கள் மனத்திலிருந்து அந்தப் பழியை இறக்கி வையுங்கள்.

சரி, சிகிச்சை? "கையை மடியில் வை, என் கண்ணைப் பார்" என்று பழக்கி, சொன்னபடி செய்தால் மிட்டாய் தருவது ஒரு முறை. பிள்ளை பார்வைக்கு 'சரியாகி'விடுவான். உள்ளே? இப்படித் தன் இயல்பை ஓயாமல் மறைத்து வாழ்கிறவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் அதிகம் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. கையை உதறுவது அடங்காத்தனம் இல்லை. இரைச்சலில் கலங்கிய மனத்தை அவனே தேற்றிக்கொள்ளும் வழி. அதையும் பிடுங்கிவிட்டால் குழந்தை எங்கே போவான்?

ஆட்டிசம் உள்ள ஜிம் சின்கிளேர் 1993-ல் பெற்றோர்களைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். வேறொரு பிள்ளையை எண்ணி ஏங்காமல், இருக்கிற பிள்ளையைப் புரிந்துகொள்ளுங்கள் என்பதே அதன் சாரம். குழந்தையை அவனாகவே ஏற்று உதவும் சிகிச்சை இந்த எண்ணத்திலிருந்துதான் தொடங்குகிறது.

வீட்டில் என்ன செய்யலாம்? மிக்ஸி போடுமுன் "சத்தம் வரப்போகுது கண்ணா" என்று சொல்லுங்கள். சட்டையின் கழுத்துப் பட்டி உறுத்தினால் கத்தரித்துவிடுங்கள். எழுந்ததும் பல் தேய்ப்பது, குளிப்பது, டிபன் என்று வரிசையாகப் படம் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். பேச்சு வரவில்லையா? படத்தைத் தொட்டுக் காட்டித் தண்ணீர் கேட்டாலும் அது பேச்சுதான். படத்தைப் பழக்கினால் பேச்சு வராது என்ற பயம் வேண்டாம். முகம் பார்க்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்; சுவரைப் பார்த்துக்கொண்டே அவன் நீங்கள் சொல்வதைக் கேட்கலாம்.

"அப்போ எதையுமே திருத்தக் கூடாதா?" என்று கேட்பீர்கள். ரோட்டைக் கடப்பதும் தானே சாப்பிடுவதும் அவசியம் கற்க வேண்டியவை. தலையைச் சுவரில் மோதிக்கொண்டால் சும்மா விடக் கூடாது. காதுவலியோ பல்வலியோ சொல்லத் தெரியாமலும் அப்படிச் செய்யலாம், டாக்டரிடம் காட்டுங்கள். சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "அவன் வேண்டாம் என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்!

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறன் படைத்தோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருப்பதால், அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி அவனைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் மனமே தளர்ந்தால், 14416 என்ற இலவச டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அடுத்த கல்யாணத்துக்கு அவனை அழைத்துப் போங்கள். காதில் வைக்கப் பஞ்சு, கெட்டிமேளத்தின்போது வெளித் திண்ணை, கையில் பிடித்த பொம்மை. மாமி கேட்டால், "அவனுக்கு அதுதான் நிம்மதி மாமி" என்று சொல்லுங்கள், தலை நிமிர்ந்து!