உங்கள் வீட்டு வைஃபைக்குப் பூட்டுப் போட்டீர்களா?

இரவு படுக்கப் போகுமுன் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்ப்பது நம் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். முன் கதவு தாழிட்டாயிற்றா, அடுப்படிக் கதவு சாத்தியாயிற்றா, கேஸ் அடைத்தாயிற்றா என்று அம்மா ஒரு தடவையும் அப்பா ஒரு தடவையும் பார்ப்பார்கள். ஆனால் கூடத்து மூலையில் சின்ன விளக்கைக் கண்சிமிட்டிக்கொண்டு ஒரு பெட்டி இருக்கிறதே, அந்தக் கதவைப் பூட்டினீர்களா?

"அது எப்படிக் கதவாகும்?" என்று கேட்பீர்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். பழைய லயங்கள் பலவற்றில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரை போகாது. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் நாலு வீட்டுக்கு மணக்கும். வைஃபை அலையும் அந்த மணம் போலத்தான். நீங்கள் மாதாமாதம் காசு கட்டி வாங்கும் இணையம், உங்கள் சுவரோடு நின்றுவிடாமல் பக்கத்து வீட்டுக்கும், மேல் மாடிக்கும், வாசலில் நிற்கும் காருக்கும் போய்ச் சேருகிறது.

போனால் போகட்டும், நமக்கென்ன நட்டம் என்று நினைக்க வேண்டாம். 2005 ஜூலையில் சிங்கப்பூரில் நடந்ததைக் கேளுங்கள். தோ பாயோவில் குண்டு வெடித்துவிட்டது என்று இணையத்தில் ஒரு பொய்ச் செய்தி வந்தது. அதைப் போட்ட இளைஞர் தம் சொந்த இணைப்பைத் தொடவில்லை. பூட்டில்லாமல் கிடந்த அண்டை வீட்டு வைஃபை வழியாகப் போட்டார். 2007 பிப்ரவரியில் அவருக்கு 3 மாதச் சிறையும் 4,000 வெள்ளி அபராதமும் கிடைத்தன. சட்டம் அவரைப் பிடித்தது சரிதான். ஆனால் ஒரு செய்தி எந்த இணைப்பிலிருந்து புறப்பட்டது என்று தேடும்போது முதலில் அகப்படுவது, இணையக் கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவர் பேர்தான் என்பதை மறக்க வேண்டாம். குற்றம் செய்யாமலே வாசலில் போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாமே!

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, பிள்ளைகளுக்குப் பாடம் இணையத்தில் நடந்தபோது, ஆசிரியரின் படம் அசையாமல் நின்று நின்று வந்தது. நான் இணைய நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பொறுமையாக அந்தப் பெட்டியின் பட்டியலைப் பார்த்தால், எங்கள் வீட்டில் இருப்பது 5 கருவிகள், இணைந்திருப்பதோ 11! கடவுச்சொல் எங்கள் வீட்டுத் தொலைபேசி எண். தீபாவளிக்கு வந்தவர்களுக்கெல்லாம் வாய் நிறையச் சொன்னவனும் நானே. பிறகு யாரை நோவது?

பெட்டியை எங்கே வைப்பது?

ரவுட்டர் எனப்படும் இந்தப் பெட்டியை வீட்டின் நடுப்பகுதியில், தலை உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். அழகு கெடுகிறதென்று அலமாரிக்குள் அடைப்பதும், தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளித்து வைப்பதும் வேண்டாம். தகரம், கம்பி வைத்த சிமெண்டுச் சுவர், மீன் தொட்டித் தண்ணீர் ஆகியவை அலையைத் தடுக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் பக்கத்தில் ஆகாது. அது வேலை செய்யும் அலைவரிசையும் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் ஏறக்குறைய ஒன்றே.

பெரும்பாலான பெட்டிகளில் இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 தூரம் போகும், சுவரையும் தாண்டும். ஆனால் வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. இரண்டு சுவருக்கு அப்பால் களைத்துவிடும். பெட்டிக்கு அருகில் இருக்கும் தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் 5, பின்னறைக் கைப்பேசிக்கு 2.4 என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பூட்டும் சாவியும்

இணைப்பைப் பொருத்த வந்தவர் வேலையை முடித்துவிட்டுப் போனதும் நம் வேலை தொடங்குகிறது. பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டைப் பாருங்கள். அமைப்புப் பக்கத்துக்குள் போகும் முகவரியும் கடவுச்சொல்லும் அதில் இருக்கும். சில பெட்டிகளுக்குக் கைப்பேசிச் செயலி உண்டு.

இங்கே இரண்டு சாவிகள் உள்ளன. ஒன்று வைஃபையில் இணையும் சாவி. மற்றொன்று பெட்டியையே ஆளும் சாவி. பலர் முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். 2016-இல் 'மிராய்' என்ற தீய நிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்களில் சுமார் 60-ஐ வைத்துக்கொண்டே, உலகெங்கும் லட்சக்கணக்கான ரவுட்டர்களையும் கண்காணிப்புக் கேமராக்களையும் தன் வசமாக்கியது. சிங்கப்பூரில் 2021 முதல், விற்பனைக்கு வரும் வீட்டு ரவுட்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடவுச்சொல் இருக்க வேண்டும் என்பது விதி. பழைய பெட்டி வைத்திருப்பவர்கள்தாம் அதிகம் கவனிக்க வேண்டும். இரண்டு சாவியையும் மாற்றுங்கள். இரண்டும் வேறு வேறாக இருக்கட்டும்.

அடுத்து, பூட்டின் வகை. 'டபிள்யூ.இ.பி' என்பது 1997-இல் வந்த பழைய பூட்டு. அதன் ஓட்டை 2001-லேயே வெளியாகிவிட்டது. இன்று சில நிமிடங்களில் திறந்துவிடலாம். 2004-இல் வந்த 'டபிள்யூ.பி.ஏ 2' அல்லது 2018-இல் வந்த 'டபிள்யூ.பி.ஏ 3' இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

பூட்டு நல்லதானாலும் சாவி எளிதாக இருந்தால் பயனில்லை. திருடன் உங்கள் வாசலில் நின்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பான் என்று எண்ணாதீர்கள். 'டபிள்யூ.பி.ஏ 2' பூட்டில், உங்கள் கைப்பேசியும் ரவுட்டரும் முதலில் பேசிக்கொள்வதைக் காற்றில் பதிந்து எடுத்துப்போய், தன் வீட்டுக் கணினியில் லட்சக்கணக்கான சொற்களைப் போட்டுப் பார்ப்பான். கைப்பேசி எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு நாள்கூட ஆகாது. பிள்ளையின் பேர், பிறந்த தேதி, கார் எண் எல்லாம் அப்படித்தான்.

ஆகவே நீளமாக வையுங்கள். ஒன்றோடொன்று ஒட்டாத நாலைந்து சொற்களைச் சேர்த்து ஆங்கில எழுத்தில் தட்டலாம். கித்தா, சைக்கிள், முருங்கை, செவ்வாய் என்பது போல. நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் கடினம். அச்சில் வந்துவிட்ட இந்த நாலையே வைத்துவிடாதீர்கள்! மறந்துவிடும் என்ற பயமிருந்தால் ஒரு நோட்டில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு பத்திரப்படுத்துங்கள். சுவரில் ஒட்ட வேண்டாம்.

பொத்தானை அழுத்தியோ 8 இலக்க எண்ணைத் தட்டியோ இணையும் 'டபிள்யூ.பி.எஸ்' வசதியை நிறுத்திவிடுங்கள். அந்த 8 இலக்கத்தைப் பெட்டி இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதால், கோடிக்கணக்கில் முயல வேண்டியது வெறும் 11,000 முயற்சியில் முடிந்துவிடும் என்று 2011-இல் தெரியவந்தது. வெளியிலிருந்து பெட்டியை ஆளும் வசதி திறந்திருந்தால் அதையும் மூடுங்கள். பெட்டிக்குப் புதுப்பிப்பு வந்தால் தள்ளிப்போடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. வைஃபையின் பேரில் வீட்டு எண்ணோ குடும்பப் பேரோ வேண்டாம். பேரை மறைத்து வைத்தால் போதும் என்பாரும் உண்டு. தேடத் தெரிந்தவனுக்கு அது மறைவே இல்லை.

மச்சான் கேட்டால்?

இனித்தான் கடினமான பாடம். வீட்டுக்கு வந்த மச்சான் செருப்பைக் கழற்றுமுன் "பாஸ்வேர்டு என்ன?" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, "பிள்ளைக்குப் பரீட்சை, கொஞ்சம் கொடு" என்கிறார். இல்லையென்றால் மனம் நோகும். கொடுத்தால் அது அடுத்த மாதம் பத்துப் பேர் கையில் இருக்கும்.

இதற்கும் வழி உண்டு. பெரும்பாலான பெட்டிகளில் விருந்தினருக்கென்று தனி இணைப்பு வைக்கலாம். வந்தவரைக் கூடத்தில் உட்கார வைத்துக் காப்பி கொடுக்கிறோம், அலமாரிச் சாவியைக் கொடுப்பதில்லை அல்லவா? அதைப் போன்றதுதான். அவருக்கு இணையம் கிடைக்கும். உங்கள் கணினிக்குள்ளும் கேமராவுக்குள்ளும் அவரது கைப்பேசி எட்டிப் பார்க்காது. ஆனாலும் இந்த வழியில் போவதும் உங்கள் பேரில்தான் போகும். ஆகவே நம்பிக்கையானவர்களுக்கு மட்டும் கொடுங்கள். திருநாள் முடிந்ததும் அந்தக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த வீட்டு வைஃபை பூட்டின்றிக் கிடந்தாலும் அதில் நுழையக் கூடாது. சிங்கப்பூரில் அப்படி அண்டை வீட்டு இணைப்பைப் பயன்படுத்திய 17 வயது மாணவருக்கு 2007 ஜனவரியில் 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பும், 80 மணி நேரச் சமூக சேவையும் விதிக்கப்பட்டன. 18 மாதம் இணையத்தையே தொடக்கூடாதென்றும் உத்தரவாயிற்று. திறந்திருக்கும் வீட்டில் நுழைவதும் நுழைவதுதான் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இத்தனைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். கடவுச்சொல்லை மாற்றினால் வீட்டிலுள்ள எல்லாக் கருவியிலும் மறுபடி தட்ட வேண்டிவரும். எல்லோரும் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். நான் மாற்றிய அன்று பட்டியல் 11-இலிருந்து 5-க்கு இறங்கியது. மகளின் ஆசிரியரும் தடையில்லாமல் பேசினார்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்காமல், இன்றிரவு கதவைத் தாழிடும்போதே அந்தச் சின்ன விளக்கையும் ஒருமுறை பாருங்கள்.